கர்னலை அப்டேட் செய்தால் வைஃபை ஏன் காணாமல் போகிறது?

வெள்ளிக்கிழமை ராத்திரி லேப்டாப்பில் அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கப் போனார் நண்பர். சனிக்கிழமை காலையில் திறந்தால் வைஃபை ஐகானே இல்லை. நெட்வொர்க் கிடைக்கவில்லை என்றாலாவது ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்க்கலாம். இங்கே வைஃபை என்று ஒரு பொருளே இந்த மெஷினில் இல்லை என்கிறது சிஸ்டம். முதல்நாள் வரை ஓடிய அதே சிப், அதே ரவுட்டர், அதே பாஸ்வேர்டு. மாறியது ஒன்றுதான்: லினக்ஸ் கர்னல்.

ஒரு சின்ன ஃபைலை டவுன்லோடு செய்து உரிய இடத்தில் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள் தெரிந்தவர்கள். டவுன்லோடு செய்ய நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். வைஃபைக்கு அந்த ஃபைல் வேண்டும். ஸ்கூட்டர் சாவியை டிக்கிக்குள் வைத்து மூடிவிட்ட கதைதான்.

இது ஏதோ கம்ப்யூட்டர் பைத்தியங்களின் பிரச்சினை என்று இனி ஒதுக்கிவிட முடியாது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்கள் ஏராளம். தூக்கிப் போட மனசில்லாதவர்கள் அதில் லினக்ஸைப் போடுகிறார்கள். பழைய சிப், அதற்கேற்ற பழைய ஃபெர்ம்வேர், மேலே புத்தம் புதிய கர்னல். இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போக வைப்பது யார் பொறுப்பு என்பதில்தான் பல வருடங்களாக ஒரு இழுபறி நடக்கிறது.

சிப்புக்குள் ஒரு குட்டி கம்ப்யூட்டர்

வைஃபை சிப் என்பது வெறும் ஆன்டெனாவோடு சேர்ந்த ஒரு துண்டு சிலிக்கான் கிடையாது. அதற்குள்ளேயே ஒரு புராசஸர் இருக்கிறது, மெமரி இருக்கிறது. எந்த நொடியில் சிக்னல் அனுப்புவது, பக்கத்து வீட்டு ரவுட்டர் பேசும்போது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையெல்லாம் அதுவே முடிவுசெய்கிறது. அந்த குட்டி கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர்தான் ஃபெர்ம்வேர். பெரும்பாலான லேப்டாப் வைஃபை சிப்களில் இது நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை லேப்டாப்பை ஆன் செய்யும்போதும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சிப்பின் மெமரியில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற வேலை டிரைவருடையது. டிரைவர் கர்னலின் ஒரு பகுதி. ஃபெர்ம்வேரோ தனி ஃபைல். பெரும்பாலும் சிப் தயாரித்த கம்பெனி கொடுப்பது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வெளியாட்கள் யாரும் படிக்க முடியாதது.

ஓட்டலில் சப்ளையரும் உள்ளே இருக்கும் மாஸ்டரும் பேசிக்கொள்வதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பொறுமையாக நாலு வரியில் சொல்வதை சப்ளையர் ரெண்டே வார்த்தையில் உள்ளே கத்துவார். மாஸ்டருக்கு அது போதும். டிரைவர்தான் சப்ளையர், ஃபெர்ம்வேர்தான் மாஸ்டர். கர்னல் அப்டேட் என்றால் புது சப்ளையர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். அவர் புது சுருக்கக் குறிகளைக் கத்துகிறார், உள்ளே அதே பழைய மாஸ்டர். தோசை வருமா?

நிஜத்தில் இந்தக் குறிகள் பைட்டுகள். இந்த சேனலில் ஸ்கேன் செய் என்று டிரைவர் சொல்வது உண்மையில் ஒரு பைட் வரிசை: முதல் நாலு பைட் இது, அடுத்த ரெண்டு பைட் அது என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வரிசை. புதிய ஃபெர்ம்வேரில் நடுவே ஒரு தகவலைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நகர்ந்துவிடும். புது வரிசையைப் பழைய ஃபெர்ம்வேருக்கு அனுப்பினால் அது சேனல் எண்ணை வேறு ஏதோ என்று படிக்கும், உளறும், இல்லையென்றால் அப்படியே உறைந்துவிடும். அதனால் டிரைவர் முதலில் ‘உள்ளே எந்த மாஸ்டர்?’ என்று கேட்டுவிட்டு அதற்கேற்பப் பேச வேண்டும். பழைய ஃபெர்ம்வேரோடு ஒத்துப்போவது என்பதன் முழு அர்த்தமும் இதுதான். ஒவ்வொரு கட்டளைக்கும் ரெண்டு வடிவம், சிலதுக்கு மூன்று, அவை அத்தனையையும் டிரைவர் சுமக்க வேண்டும்.

17-க்கும் 77-க்கும் நடுவில்

இதை வெளிப்படையாகப் பார்க்க வேண்டுமானால் இன்டெல் வைஃபை டிரைவரைப் பார்க்கலாம். இன்டெல் ஃபெர்ம்வேர் ஃபைல் ஒவ்வொன்றின் பெயரிலும் கடைசியில் ஒரு எண் இருக்கும். அது எந்தத் தலைமுறைப் பேச்சு என்பதற்கான எண். டிரைவருக்குள் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு குறைந்தபட்ச எண், ஒரு அதிகபட்ச எண் எழுதப்பட்டிருக்கிறது. பூட் ஆகும்போது அதிகபட்ச எண்ணுள்ள ஃபைலைத் தேடும். இல்லையா, ஒன்று குறைத்துத் தேடும். அதுவும் இல்லையா, இன்னும் ஒன்று. குறைந்தபட்ச எண் வரை இறங்கிப் பார்த்தும் எதுவும் கிடைக்காவிட்டால் பொருத்தமான ஃபெர்ம்வேர் இல்லை என்று கர்னல் லாகில் ஒரு வரி எழுதிவிட்டுக் கையை விரித்துவிடும். குவால்காமின் ஒரு டிரைவரும் இதே வழிதான்: ஃபைல் பெயரில் 6 இருக்கிறதா, 5 இருக்கிறதா என்று மேலிருந்து கீழே இறங்கி வரும்.

சாதாரணமான யோசனை மாதிரித் தோன்றினாலும் இது ரொம்பப் புத்திசாலித்தனமானது. கர்னலைப் புதுப்பித்து ஃபெர்ம்வேரைப் புதுப்பிக்க மறந்தவருக்கும் வைஃபை ஓடும். புது வசதி சிலது கிடைக்காது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. சிப் பழசாகிவிட்டால் அதற்கான புது ஃபெர்ம்வேரை இன்டெல் நிறுத்திவிடுகிறது. 7260 என்ற சிப் 17-ஆம் எண்ணோடு நின்றுவிட்டது. 8260 குடும்பம் 36-ல் நின்றது. 9260-க்கு 46. வைஃபை 6 கொண்ட ஏஎக்ஸ்200-க்கு 77. ஆக ஒரே டிரைவர் 17-இன் பேச்சையும் பேச வேண்டும், 77-இன் பேச்சையும் பேச வேண்டும். புது சிப்புக்கு ஒரு வசதி சேர்க்கும்போதெல்லாம் பத்து வருடப் பழைய சிப்பின் பாதை எங்காவது உடைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு கட்டத்தில் தாங்கவில்லை போலிருக்கிறது. 2025 மே மாதம் வந்த லினக்ஸ் 6.15-ல் வைஃபை 7 தலைமுறைக்கென்று டிரைவரின் மேல்பகுதியைத் தனியாகப் பிரித்து எழுதிச் சேர்த்தது இன்டெல். பழைய சிப்களெல்லாம் பழைய பகுதியிலேயே இருந்துகொள்ளலாம். ஒரே வீட்டில் மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒத்துவராதபோது மாடியில் தனியாக ஒரு சமையலறை கட்டுகிற மாதிரி.

கெடு முடிந்தும் போகாத கோடு

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த கதை பிராட்காம் சிப்களுடையது. 2000-களில் ஏராளமான லேப்டாப்களில் பிராட்காம் வைஃபைதான் இருந்தது. லினக்ஸுக்கு டிரைவரும் தரவில்லை, சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணமும் தரவில்லை. தன்னார்வலர்கள் அந்த கம்பெனியின் மூடிய டிரைவரைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு அசைவையும் குறித்துவைத்து, சொந்தமாக ஒரு டிரைவர் எழுதினார்கள். மிக்கேல் பியூஷ், 2024-ல் காலமான லாரி ஃபிங்கர் போன்றவர்களின் பல வருட உழைப்பு அது. ஃபெர்ம்வேரை மட்டும் எழுத முடியவில்லை; விநியோகிக்கவும் அனுமதி இல்லை. எனவே கம்பெனியின் டிரைவர் ஃபைலிலிருந்து ஃபெர்ம்வேரை வெட்டி எடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினார்கள். அதைப் பயனாளரே தன் மெஷினில் ஓட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் லினக்ஸ் போட்டவர்கள் இதைக் கண்ணில் நீரோடு நினைவுகூர்வார்கள்.

2008 ஜனவரியில் வந்த 2.6.24 கர்னலில் பழைய டிரைவருக்கு வாரிசாக பி43 என்ற டிரைவர் வந்தது. அதற்கு 4-ஆம் தலைமுறை ஃபெர்ம்வேர் தேவை. பழைய டிரைவரோ 3-ஆம் தலைமுறையில் ஓடியது. ரொம்பப் பழைய சிப்களுக்காக 3-ஐயே பயன்படுத்தும் இன்னொரு டிரைவரையும் பக்கத்திலேயே வைத்தார்கள். மற்றவர்கள் எல்லோரும் மறுபடியும் வெட்டி எடுக்கும் சடங்கை நடத்த வேண்டியிருந்தது.

அடுத்து, அந்த 4-ஆம் தலைமுறைக்குள்ளேயே பிராட்காம் வடிவத்தை மாற்றியது. 410 என்ற பதிப்பிலிருந்து பைட் வரிசை வேறு. பி43 எழுதியவர்கள் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும்படி செய்தார்கள். ஆனால் பழையதை எத்தனை நாள் சுமப்பது? 2008 ஜூலையோடு பழைய வடிவத்துக்கான ஆதரவை நீக்கிவிடுவோம் என்று கர்னலின் நீக்கப் பட்டியலில் எழுதிவைத்தார்கள்.

ஜூலை வந்தது, போனது. நீக்கவில்லை. பராமரிப்பில் பெரிய தலைவலி வராதவரை இருக்கட்டும், புதிதாக எதனோடாவது மோதினால் அன்றைக்கு எடுத்துவிடலாம் என்று அதே பட்டியலில் திருத்தி எழுதினார்கள். டிரைவர் கோடிலும் அதே பொருளில் ஒரு குறிப்பு. பழைய ஃபெர்ம்வேரை ஏற்றினால் இன்றும் அந்த டிரைவர் லாகில் ஒரு எச்சரிக்கை எழுதும்: ஆதரவு சீக்கிரம் நீக்கப்படும், அதிகாரபூர்வ கெடு 2008 ஜூலை! அதற்குப் பிறகு 2011-ல் மூன்றாவதாக இன்னொரு வடிவமும் வந்து சேர்ந்தது. மூன்றும் ஒரே டிரைவரில் அருகருகே குடியிருக்கின்றன.

கெடுவைத் தாண்டியும் எடுக்காதது சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. யாரோ முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு பழைய லேப்டாப்பில் அதை ஓட்டிக்கொண்டிருக்கலாம், சில வரிகளை வைத்திருப்பதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்கிற மரியாதை.

எழுதப்படாத விதி எழுதப்பட்டபோது

லினக்ஸ் உலகில் லைனஸ் டோர்வால்ட்ஸின் ஒரு விதி பிரசித்தம். நேற்று வரை ஓடிய புரோகிராம் புது கர்னலிலும் ஓட வேண்டும்; ஓடாவிட்டால் தப்பு கர்னலுடையது. இதற்காக அவர் டெவலப்பர்களைத் திட்டிய திட்டுகள் தனிப் புத்தகமாகவே போடலாம். ஆனால் ஃபெர்ம்வேர் இந்த விதிக்குள் வருமா என்பது நெடுநாள் தெளிவாக இல்லை. ஒவ்வொரு டிரைவர்க்காரரும் தன் வசதிப்படி நடந்துகொண்டார்.

2022-ல் பஞ்சாயத்து வந்தது, அதுவும் வைஃபையிலிருந்து இல்லை, கிராஃபிக்ஸிலிருந்து. இன்டெலின் ஆல்டர் லேக் புராசஸர்களுக்கான கிராஃபிக்ஸ் டிரைவர், 5.19 கர்னலில் 70-ஆம் பதிப்பு ஃபெர்ம்வேரை மட்டுமே கேட்கும்படி மாறியிருந்தது. கர்னலை மட்டும் புதுப்பித்தவர்களிடம் 69 இருந்தது. கிராஃபிக்ஸ் பகுதியின் பொறுப்பாளரான ரெட் ஹேட்டின் டேவ் ஏர்லி இதை ஏற்க மறுத்தார். 69-ஐயும் ஏற்கும் பாதை திரும்பச் சேர்க்கப்பட்டது. அதோடு விடாமல், கர்னல் ஆவணங்களிலேயே ஃபெர்ம்வேருக்கென்று ஒரு வழிகாட்டியும் எழுதப்பட்டது.

அது சொல்வது இரண்டு பக்கமும் வெட்டும். புது கர்னலுக்கு மாறுகிறவர், ஹார்டுவேர் தொடர்ந்து ஓடுவதற்காகப் புது ஃபெர்ம்வேர் நிறுவ வேண்டிய நிலை வரக்கூடாது. அதேபோல் புது ஃபெர்ம்வேர் வந்ததால் பழைய கர்னல் வைத்திருப்பவருக்கு எதுவும் உடையக்கூடாது. இரண்டாவது ஏன் என்று கேட்டால், பெரும்பாலான லினக்ஸ் மெஷின்களில் இரண்டு மூன்று கர்னல்கள் இருக்கும், ஃபெர்ம்வேர் ஃபோல்டர் ஒன்றே ஒன்றுதான். எல்லாரும் அதே அலமாரியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஆனாலும் இது வழிகாட்டிதான். மீறினால் யாராவது புகார் சொல்ல வேண்டும், பொறுப்பாளர் கண்டிக்க வேண்டும். பழைய சிப் கையில் உள்ளவர் புகார் சொல்லாவிட்டால் உடைந்தது யாருக்கும் தெரியாது. 2023-ல் சிஸ்கோ, அட்மெல் காலத்துப் பழைய வைஃபை கார்டுகளின் டிரைவர்களையே நீக்கும் வேலை தொடங்கியதற்கும், பயன்படுத்துபவர் யாரும் மிச்சமில்லை என்ற கணிப்பே காரணம்.

பழசோடு ஓடுவது ஆபத்தும்கூட

இங்கே மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017-ல் பிராட்காம் வைஃபை சிப்களில் ‘பிராட்பவ்ன்’ என்ற ஓட்டை வெளியானது. ஓட்டை ஆண்ட்ராய்டிலோ ஐபோன் ஓஎஸ்ஸிலோ இல்லை, சிப்பின் ஃபெர்ம்வேருக்குள். பக்கத்தில் இருக்கும் ஒருவர், நீங்கள் எதையும் கிளிக் செய்யாமலே, உங்கள் போனின் வைஃபை சிப்பைக் கைப்பற்ற முடியும். அந்த ஜூலையில் கூகுளும் ஆப்பிளும் அவசரமாகத் திருத்தம் அனுப்பின. அதே வருடம் அக்டோபரில் டபிள்யூபிஏ2 பாதுகாப்பையே உடைக்கும் ‘கிராக்’ தாக்குதல், 2021-ல் ‘ஃப்ராக்அட்டாக்ஸ்’. இப்படிப்பட்டவற்றில் சிலவற்றுக்குத் திருத்தம் ஃபெர்ம்வேரில்தான் வரும். பழைய ஃபெர்ம்வேரை டிரைவர் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டே போனால், கதவு திறந்திருப்பது வீட்டுக்காரருக்கே தெரியாது.

அப்படியானால் பழையதை மறுத்துவிடலாமே? மறுத்தால் என்ன ஆகிறது என்று என் நண்பரின் சனிக்கிழமை காலை காட்டியது. வைஃபை போனால் திருத்தம் வருகிற வழியும் சேர்ந்தே போகிறது. ஏற்றுக்கொள், ஆனால் சத்தமாகச் சொல் என்பதே சரியான வழி என்று நினைக்கிறேன். பி43 அதைத்தான் செய்கிறது. குறை என்னவென்றால் அந்தச் சத்தம் கர்னல் லாகுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பேட்டரி குறைந்தால் திரையில் எச்சரிக்கை காட்டத் தெரிந்த டெஸ்க்டாப்புக்கு, ஃபெர்ம்வேர் பழசு என்று காட்டுவதில் என்ன கஷ்டம்?

உங்கள் போனில் ஏன் இப்படி நடப்பதில்லை?

ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கர்னல்தான். ஆனால் அங்கே கர்னல், டிரைவர், ஃபெர்ம்வேர் எல்லாம் ஒரே கட்டாக, சோதித்துப் பார்த்து, கம்பெனியிடமிருந்து வருகிறது. ஒன்றை மட்டும் தனியாக மாற்ற உங்களுக்கு வழியில்லை. அதனால் உடைவதும் இல்லை. அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுக்கிறோம்: வாங்கும்போது இருந்த கர்னல் வரிசையிலேயே பெரும்பாலான போன்கள் ஆயுள் முழுக்க ஓடுகின்றன. கம்பெனி கட்டு அனுப்புவதை நிறுத்திய நாளில் மூன்றும் சேர்ந்தே உறைந்துபோகும்.

இதைத் தளர்த்த கூகுள் முயன்றுவருகிறது. 2017-ல் ஆண்ட்ராய்டு 8-ஓடு வந்த ‘ட்ரெபிள்’, சிப் கம்பெனியின் பகுதியை ஓஎஸ்ஸிலிருந்து பிரித்தது. ஆண்ட்ராய்டு 12-ல் 5.10 கர்னலோடு வந்த போன்களிலிருந்து, எல்லாருக்கும் பொதுவான ஒரே கர்னல், அதன் மேல் ஒட்டும் தனி டிரைவர்கள் என்ற ஏற்பாடு வந்தது. ஒட்டும் இடம் மாறாமல் உறையவைக்கப்படுகிறது. டெஸ்க்டாப் லினக்ஸ் பேச்சுவார்த்தை நடத்தித் தீர்ப்பதை ஆண்ட்ராய்டு சுவர் கட்டித் தீர்க்கிறது. லினேஜ் ஓஎஸ் மாதிரி கஸ்டம் ராம் போட்டவர்களுக்கு அந்தச் சுவரின் மறுபக்கம் நன்றாகத் தெரியும். முதலில் இந்தப் பதிப்பு ஃபெர்ம்வேர் இருக்கிறதா பார், பிறகுதான் இதை நிறுவு என்ற எச்சரிக்கையை அவர்கள் அடிக்கடி படித்திருப்பார்கள்.

வைஃபை போய்விட்டால்

பதற்றத்தில் ரீஇன்ஸ்டால் செய்துவிடாதீர்கள். லேப்டாப் ஆன் ஆகும்போது வரும் பூட் மெனுவில் முந்தைய கர்னல் பெரும்பாலும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய வைஃபை திரும்பி வந்துவிடும். இடத்தை மிச்சப்படுத்தப் பழைய கர்னலை உடனே நீக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதுவும் இல்லையென்றால் போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபை சிப் அதில் சம்பந்தப்படுவதே இல்லை என்பதால் நெட் வந்துவிடும். பிறகு உங்கள் டிஸ்ட்ரோவின் ஃபெர்ம்வேர் பேக்கேஜைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சின்ன நிம்மதி: 2022-ல் நடந்த உறுப்பினர் வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து இந்த ஃபைல்கள் இன்ஸ்டாலரிலேயே வருகின்றன. ஏதோ ஒரு தளத்தில் கிடைத்த தனி ஃபைலை மட்டும் எடுத்துப் போடாதீர்கள். நீங்கள் படிக்க முடியாத ஒரு புரோகிராமை உங்கள் சிப்புக்குள் ஓடவிடுகிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நண்பருக்கும் பழைய கர்னல்தான் கைகொடுத்தது. அதில் நுழைந்து, முந்தைய நாள் தோல்வியின் லாகைத் திறந்து பார்த்தோம். டிரைவர் கேட்ட குறைந்தபட்சப் பதிப்பைவிட அவரிடம் இருந்த ஃபைல் பழசு. அப்டேட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போது இது எப்படி என்று குழம்பினோம். பிறகு அவருக்கே ஞாபகம் வந்தது. நாலு வருடம் முன்னால், மொபைல் டேட்டாவில் வேலை பார்த்த நாட்களில், நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கிறதே என்று அந்த ஃபெர்ம்வேர் பேக்கேஜை மட்டும் அப்டேட் ஆகாதபடி நிறுத்திவைத்திருந்தார். இந்த நாலு வருடத்தில் எத்தனை கர்னல்கள் வந்து போயின என்று எண்ணிப் பார்த்தோம். அத்தனையும் அந்தப் பழைய ஃபைலோடு அனுசரித்துப் போயிருக்கின்றன, அவருக்குத் தெரியாமலே.